பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து



இன்றைக்கு எனக்குத் தந்திருக்கும் பொருள் கொஞ்சம் வறண்ட பொருள்தான். அரசு நடத்தும் வேலைப் பயிற்சித் திட்டங்களை உள்ளாட்சி அமைப்புகள் மேற்பார்வை செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே சிலருக்கு அவசர வேலை வந்திருக்கும். அதையும் மீறி வந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

அரசுப் பணத்தில் பயிற்சி பெற்ற நம் ஊர்ப் பிள்ளை, பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறான்? எங்கே இருக்கிறாள்? என்ன வேலை, என்ன சம்பளம்? இதை யார் கேட்க வேண்டும்? யாருக்கு இதன் பதில் தெரியும்?

ஓர் ஊராட்சியை மனதில் நிறுத்துங்கள். பெயர் வேண்டாம், உங்கள் ஊராகவே இருக்கட்டும். ஒருநாள் பயிற்சி நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஊராட்சி அலுவலகத்துக்கு வருகிறார். கையில் நோட்டீஸ். “பத்தாவது முடிச்ச பிள்ளைங்க, பாதியில படிப்ப விட்ட பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க தலைவரே?” என்று கேட்கிறார். தலைவர் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்கிறார். சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். ஒன்றிய அளவில் இளைஞர் திறன் திருவிழா நடக்கிறது. பந்தல் உண்டு, மேடை உண்டு, பேனர் உண்டு. பத்துப் பதினைந்து பிள்ளைகள் பெயர் கொடுக்கிறார்கள். சில வாரங்களில் அவர்கள் நகரத்து சென்டருக்குப் போய்விடுகிறார்கள். அத்தோடு ஊராட்சியின் பங்கு முடிந்தது.

சென்டரில் சில மாதப் பயிற்சி. கைரேகை வைத்து வருகைப் பதிவு. கடைசியில் மதிப்பீடு, சான்றிதழ், குரூப் போட்டோ. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ ஒரு கம்பெனி. வேலை உத்தரவின் நகல் கணினியில் ஏறுகிறது. கணக்கில் இந்தப் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான்காவது மாதம் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். ஏன்? சொன்ன சம்பளம் ஒன்று, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கைக்கு வந்தது இன்னொன்று. நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை. அல்லது வீட்டில் அம்மாவுக்கு முடியவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அவன் திரும்பி வந்தது டீக்கடைக்குத் தெரியும். ரேஷன் கடை வரிசைக்குத் தெரியும். வார்டு உறுப்பினருக்கு நன்றாகவே தெரியும், அவர் வீட்டுக்கு எதிர்வீடு. சென்னையில் இருக்கும் கணினிக்குத் தெரியாது. டெல்லியில் இருக்கும் கணினிக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்தவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்குத் தெரியும் வாய்ப்பில்லை. இதுதான் இன்று நம்முடைய நிலைமை.

இது நேற்று இன்று வந்த நிலைமையா? கிராமத்து இளைஞர்களுக்குச் சுயவேலைப் பயிற்சி தரும் ‘டிரைசெம்’ திட்டம் 1979இல் வந்தது. பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். உதவித்தொகை வருகிற மாதங்களில் வகுப்பு நிறையும், அது நின்றதும் தொழிலும் நின்றுவிடும் என்று அன்றைக்கே பேசினார்கள். 1999இல் அது இன்னொரு திட்டத்தில் கரைந்தது. 2009இல் தேசியத் திறன் கொள்கை வந்தது. 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். ஐம்பது கோடி! அதைக் கேட்டபோது கைதட்டாதவர் யார்? 2014இல் திறன் மேம்பாட்டுக்கென்றே தனி அமைச்சகம். அதே ஆண்டு செப்டம்பரில் கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா. 2015 ஜூலையில் பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனா. நம் மாநிலத்தில் திறன் மேம்பாட்டுக் கழகம், 2022 மார்ச்சில் நான் முதல்வன். திட்டங்களுக்குப் பஞ்சமில்லை ஐயா. பெயர்களுக்கும் பஞ்சமில்லை.

பணம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பாருங்கள். பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் தருவதற்கு 2015இல் மத்திய அரசு பொது விதிமுறை ஒன்றை வகுத்தது. ஒரு பிள்ளைக்கான தொகையை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வகுப்பு தொடங்கும்போது 30 ரூபாய். சான்றிதழ் வாங்கியதும் 50 ரூபாய். மீதி 20 ரூபாய்தான் வேலை கிடைத்ததைப் பொறுத்தது. அந்த விதிப்படி, வேலை என்று ஒன்று வருவதற்கு முன்பே எண்பது ரூபாய் பட்டுவாடா ஆகிவிட்டது. நான் பயிற்சி நிறுவனம் நடத்தினால் என் கண் எதன்மேல் இருக்கும்? வகுப்பை நிரப்புவதன்மேல் இருக்கும். சான்றிதழ் வாங்கிக் கொடுப்பதன்மேல் இருக்கும். இது அந்த நிறுவனத்தாரின் ஒழுக்கக் கேடு என்று நான் சொல்லமாட்டேன். பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கால் போகும், அவ்வளவுதான். 2016இல் சாரதா பிரசாத் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழுவும் இதைத்தான் சொன்னது. எல்லோரும் எண்ணிக்கையைத் துரத்துகிறார்கள், இளைஞனின் வேலையும் தொழில்துறையின் தேவையும் பின்னால் போய்விட்டன என்று எழுதியது.

கௌசல் விகாஸ் யோஜனாவின் முதல் மூன்று கட்டங்களில், குறுகிய காலப் பயிற்சிக்கு, வேலை கிடைத்ததா என்ற கணக்கையாவது வைத்திருந்தார்கள். சான்றிதழ் பெற்றவர்களில் பாதிப் பேருக்குக்கூட வேலை பதிவாகவில்லை. நான்காம் கட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பயிற்சியையும் வேலை கிடைப்பதையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். பயிற்சி பெற்றவர் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்பது அதற்கு அரசு சொன்ன விளக்கம். மதிப்பெண் குறைந்ததும் தேர்வையே எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் கடைசியில் கேளுங்கள், விவாதிக்கலாம்.

சரி, இதையெல்லாம் கேட்க ஊராட்சிக்கு என்ன உரிமை என்று ஓர் அதிகாரி கேட்கக்கூடும். அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்கள் இருக்கின்றன. அதில் 18ஆவது என்ன? தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். 16ஆவது வறுமை ஒழிப்புத் திட்டங்கள். எழுதி வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் அந்த 29இல் எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணை இன்னும் மோசம். அதில் உள்ள 18 பொருள்களில் தொழிற்பயிற்சி என்று ஓர் இனமே இல்லை.

மாவட்ட அளவில் பார்த்தால், அரசியலமைப்பு மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மாவட்ட ஊராட்சியும் நகர அமைப்புகளும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். மக்கள் வாக்கில் வந்தவர்கள். திறன் பயிற்சிக்கு அந்தக் குழுவைப் பயன்படுத்தினார்களா? இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டத் திறன் குழு என்று வேறொன்றை உண்டாக்கினார்கள். ஆட்சியர்கள் நல்லவர்கள்தான், உழைப்பவர்கள்தான். ஆனால் ஓர் ஆட்சியர் தலைமை வகிக்கும் குழுக்கள் எத்தனை என்று அவர் அலுவலக உதவியாளரைக் கேட்டுப் பாருங்கள். எண்ணிச் சொல்ல அவருக்கே நேரம் பிடிக்கும். அந்த வரிசையில் நம் எதிர்வீட்டுப் பையனின் முறை எப்போது வரும்?

கேட்காமல் விட்டால் பணம் வீணாகும், அவ்வளவுதானே என்று யாராவது நினைத்தால், சுமங்கலித் திட்டம் என்ற பெயரை அவர்களுக்கு நினைவுபடுத்துகிறேன். இந்த அரங்கில் இருக்கும் சகோதரிகள் பலருக்கு அது பழைய செய்தி அல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் பல, தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் பதின்வயதுப் பெண்களை அழைத்துப் போயின. மூன்று ஆண்டு வேலை, முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று பேச்சு. காகிதத்தில் அந்தப் பெண்களுக்கு என்ன பெயர்? அப்ரண்டிஸ். பயிற்சி பெறுபவர். பயிற்சி என்று எழுதிவிட்டால் தொழிலாளிக்குரிய சம்பளம் தர வேண்டியதில்லை. ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. வெளியே போக அனுமதி இல்லை. மூன்று ஆண்டு முடியும் முன்பே உடம்பு கெட்டுத் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை வரவில்லை. பிள்ளை பிடிக்க ஊருக்குள் ஏஜென்ட் வந்தபோது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. எந்தப் பெண் எந்த ஆலைக்குப் போனாள், எப்போது திரும்பினாள், என்ன கொண்டுவந்தாள் என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு நோட்டு இருந்திருந்தால்? கதை எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஏஜென்ட் இரண்டாம் முறை அதே ஊருக்கு வரத் தயங்கியிருப்பான். அதுவே சிறிய காரியம் அல்ல.

இனி உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகிறேன். அமெரிக்காவுக்கு! பயப்படாதீர்கள், அமெரிக்காவைப் பார் என்று புகழ் பாடப் போவதில்லை. அவர்கள் இதில் இடறி விழுந்த கதையும் சொல்வேன்.

அங்கே 2014இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. வேலைப் பயிற்சிக்கான மத்திய நிதி அதன்படிதான் போகிறது. நாட்டை ஐந்நூறுக்கும் மேற்பட்ட வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டார வாரியம் வைத்திருக்கிறார்கள். அந்த வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் யார்? மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர்த் தலைவர். நகரமானால் மேயர், கவுண்டி என்று சொல்லும் மாவட்டமானால் அதன் தலைவர். வாரியத்தில் பாதிக்கு மேல் உள்ளூர்த் தொழில் நடத்துபவர்கள். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு தொழிற்சங்கங்களும் தொழிலாளர் தரப்பும். கூட்டம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்குப் பிடித்த விதி வேறு. அந்தப் பணம் முறைகேடாகச் செலவாகியிருந்தால் அதற்குப் பொறுப்பு யார் தெரியுமா? அந்த மேயரும் கவுண்டித் தலைவரும்தான். கணக்கு வழக்கைக் கவனிக்க வேறொரு அமைப்பை அவர்கள் அமர்த்தியிருக்கலாம். பொறுப்பு அப்போதும் கை மாறாது. தலைவருக்குப் பொறுப்பு இருப்பதால் அவர் கேள்வி கேட்கிறார். இங்கே நடைமுறையில் நம் ஊராட்சித் தலைவருக்குப் பொறுப்பும் இல்லை, கேட்க உரிமையும் இல்லை. பிள்ளைகளைச் சேர்த்துவிடும் வேலை மட்டும் உண்டு.

இன்னொரு விதி. பயிற்சியை மேற்பார்வை செய்யும் வாரியம் தானே பயிற்சி நடத்தக் கூடாது. மாநில ஆளுநர் சிறப்பு விலக்கு தந்தால் மட்டும்தான் நடத்தலாம். சமைத்தவரே பந்தியில் உட்கார்ந்து ருசி எப்படி என்று தீர்ப்பும் சொல்லக் கூடாது என்கிறார்கள்.

மூன்றாவது, என் கேள்விக்கு நேராக வருகிறேன். திட்டம் வென்றதா தோற்றதா என்று அவர்கள் எப்படி அளக்கிறார்கள்? பயிற்சியை விட்டு வெளியேறிய பிறகு வரும் இரண்டாவது காலாண்டில் அவர் வேலையில் இருக்கிறாரா? நான்காவது காலாண்டில் இருக்கிறாரா? நான்காவது காலாண்டு என்றால் ஏறக்குறைய ஓராண்டு. சான்றிதழ் கொடுத்த மறுநாள் எடுத்த போட்டோவை அவர்கள் வெற்றியாக எண்ணுவதில்லை. சரி, அத்தனை பேரையும் ஓராண்டு கழித்து எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? பெரும்பாலும் தேடுவதில்லை. வேலையிழந்தோர் காப்பீட்டுக்காக முதலாளிகள் ஒவ்வொரு காலாண்டும் தங்கள் ஆட்களின் சம்பளப் பட்டியலை மாநிலத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? பி.எஃப். இருக்கிறது, இ.எஸ்.ஐ. இருக்கிறது. நம் உழைப்பாளிகளில் எத்தனை பேர் அந்த வலைக்குள் வருகிறார்கள்? தையல் கற்ற பெண் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். எலக்ட்ரீஷியன் வேலை கற்றவன் தெருவில் நாலு வீட்டுக்கு வயரிங் செய்கிறான், ஏ.சி. மெக்கானிக் கோடையில் மட்டும் சம்பாதிக்கிறான். இவர்கள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அவர்களுடைய வெற்றியும் எந்தக் கணினியிலும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வாரத்துக்கு எத்தனை ஜாக்கெட் வருகிறது என்பது யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவுக்குத் தெரியும். குழுவில் அவளோடு உட்காரும் பெண்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் காகிதத்துக்குத் தெரிவது இங்கே தெருவுக்குத்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உள்ளாட்சி மேற்பார்வை அமெரிக்காவை விட நமக்கே கூடுதல் அவசியம். மேலே இருக்கும் எந்த அலுவலகத்துக்கும் கிடைக்காத செய்தி வார்டு உறுப்பினர் காலையில் நடந்து போகும் வழியில் கிடக்கிறது.

இனி அவர்கள் இடறிய கதை. 1973இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சுருக்கப் பெயர் சீட்டா. வேலைப் பயிற்சிக்கும், வேலையில்லாதவர்களுக்குத் தற்காலிக அரசு வேலை தருவதற்கும் பணத்தை நேராக நகரங்களின் கையிலும் கவுண்டிகளின் கையிலும் கொடுத்தது. ஒரு கட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் அதன் கீழ் இருந்தன. என்ன நடந்தது? சில ஊர்களில் மேயருக்கு வேண்டியவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் வேலை போனது. சில நகரங்கள் தங்கள் வழக்கமான ஊழியர்களின் சம்பளத்தையே இந்தப் பணத்தில் கொடுத்துத் தங்கள் கஜானாவை மிச்சப்படுத்திக்கொண்டன. பத்திரிகைகள் கிழித்தன. 1978இல் விதிகளை இறுக்கினார்கள், போதவில்லை. 1982இல் சட்டத்தையே மாற்றினார்கள். புதிய சட்டத்தில் எண்ணிக்கை இலக்கு வந்தது. இத்தனை பேருக்கு வேலை வாங்கித் தர வேண்டும் என்று விதித்தார்கள். உடனே என்ன ஆனது? பயிற்சி இல்லாமலே வேலை கிடைக்கக்கூடிய கெட்டிக்காரர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். உதவி யாருக்குத் தேவையோ அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பின்னால் பெரிய ஆய்வு ஒன்று நடத்திப் பார்த்தபோது பெரியவர்களுக்குச் சிறிய பலன், பள்ளியை விட்ட இளைஞர்களுக்குப் பலனே இல்லை என்று தெரிந்தது. நாற்பது ஆண்டு இப்படி அடிபட்ட பிறகுதான் 2014 சட்டத்தின் விதிகள் வந்தன.

ஆகவே எல்லாவற்றையும் ஊராட்சியிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் கோஷம் போட வரவில்லை. நம் ஊராட்சிகளை நமக்குத் தெரியாதா? பெண் தலைவர் நாற்காலியில் இருப்பார், கணவர் கையெழுத்துப் போடுவார். காலனிப் பிள்ளையின் பெயர் பட்டியலில் கடைசியில் வரும், சில ஊரில் வராது. கான்ட்ராக்டர் யார், உறவினர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊர்களும் உண்டு. அதனால் பயிற்சி நடத்தும் வேலை ஊராட்சிக்கு வேண்டாம். சென்டரைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும் வேலையும் வேண்டாம். கணக்குக் கேட்கும் வேலை போதும். அந்தக் கணக்கும் தலைவர் அறைக்குள் பூட்டி வைப்பதாக இருக்கக் கூடாது, கிராம சபையில் திறக்க வேண்டும்.

இதற்கு ராஜஸ்தானில் வழி காட்டினார்கள். 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அதை நடத்தினார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடத்தினார்கள். பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. ஊராட்சி வேலைகளின் மஸ்டர் ரோலையும் பில்லையும் நகல் எடுத்துக்கொண்டு வந்து ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான்! இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார். கூட்டத்திலிருந்து குரல் எழுகிறது: நான் அந்த வேலைக்கே போகவில்லையே! அடுத்தடுத்த ஊர்களில் இறந்தவர் பெயரில் கூலி, ஊரை விட்டுப் போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருந்த காகிதத்தின் குட்டு ஊர் முன்னால் படித்த அரை மணி நேரத்தில் உடைந்தது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கும், நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியதற்கும் அந்தக் கூட்டங்களே வேர்.

ஆனால் இந்த முறையை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. கூலி வாங்கினாயா என்று ஊர் நடுவில் கேட்டால் யாருக்கும் அவமானமில்லை. “மாரியப்பன் மகன் பயிற்சிக்குப் போனான், இப்போது வேலையில்லை” என்று மைக்கில் படித்தால்? அந்தப் பையன் அடுத்த கிராம சபைக்கு வருவானா? வேலையை விட்டு வந்த பெண்ணின் பெயரைப் படித்தால் அவள் ஏன் வந்தாள் என்று ஊர் நாலு விதமாகப் பேசாதா? யோசிக்க வேண்டும். என் கருத்து இது. பிள்ளையின் பெயரைப் படிக்காதீர்கள், சென்டரின் பெயரைப் படியுங்கள். கம்பெனியின் பெயரைப் படியுங்கள். இந்த சென்டருக்கு நம் ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் முடித்தார்கள், ஓராண்டு கழித்து இத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இந்தக் கம்பெனி சொன்ன சம்பளம் இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு. வெட்கப்பட வேண்டியவர்கள் யாரோ அவர்கள் வெட்கப்படட்டும்.

இது நம்மால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். செய்திருக்கிறோம். 2005இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் புது வாழ்வுத் திட்டம் தொடங்கியது. அதில் மக்கள் நிலை ஆய்வு என்று ஊரே உட்கார்ந்து யார் ஏழை, யார் மிக ஏழை என்று பட்டியல் போட்டது. கிராம சபை அதற்கு ஒப்புதல் தந்தது. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம். இளைஞர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் பணம் அதன் வழியாகவே போனது. அந்தச் சங்கத்தைக் கண்காணிக்கத் தனியாகச் சமூகத் தணிக்கைக் குழு. செலவு செய்பவர் ஒருவர், கேள்வி கேட்பவர் வேறொருவர் என்று நம் கிராமத்துப் பெண்களே நடத்திக் காட்டினார்கள். எல்லா ஊரிலும் சிறப்பாக நடந்தது என்று சொல்ல முடியாது. நடந்த ஊர்களில் அந்த நோட்டுகள் இன்னும் பரண்மேல் கிடக்கும். பிறகு வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் சமுதாயத் திறன் பள்ளி என்று ஒன்று உண்டு. உள்ளூர்க் கொத்தனாரோ மெக்கானிக்கோ தையல் ஆசிரியையோ உள்ளூரிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது. அதில் ஏமாற்றுவது கடினம். சொல்லிக்கொடுத்தவரும் கற்றுக்கொண்டவரும் ஒரே டீக்கடையில் உட்கார்கிறார்களே!

இப்போது காரியத்துக்கு வருவோம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறில் மே 1ஐ நான் கேட்கிறேன். உழைப்பாளர் நாளில் உழைப்புக்கான பயிற்சியின் கணக்கைக் கேட்பது பொருத்தம்தானே? அதற்கு முந்தைய கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திடமும் மகளிர் திட்ட அலுவலகத்திடமும் பட்டியல் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டில் நம் ஊராட்சியிலிருந்து யார் யார் எந்த சென்டரில் எந்தத் தொழில் கற்றார்கள், எந்தக் கம்பெனியில் வேலை என்று பதிவாகியிருக்கிறது. தரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதுவும் வேண்டாம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். பிறகு வார்டுக்கு ஒரு சிறு குழு: வார்டு உறுப்பினர், சுயஉதவிக் குழுப் பெண் ஒருவர், முன்பு பயிற்சி முடித்த ஒருவர். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சொன்னது என்ன, கற்றது என்ன, சம்பளம் என்ன, விட்டு வந்தால் ஏன்? நகரத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு இல்லையே என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. பன்னிரண்டாம் அட்டவணையில் இல்லாவிட்டாலும் சபையில் கேட்கலாம்.

மாநில அரசிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மத்திய திட்டங்களின் பணப் பட்டுவாடா விதி டெல்லியின் கையில். மாநிலத்தின் சொந்தத் திட்டங்களுக்கு ஒரு அரசாணை போதும்: பயிற்சி நிறுவனத்துக்குத் தரும் கடைசித் தவணையை, ஓராண்டு கழித்துக் கிராம சபை அல்லது பகுதி சபை தரும் அறிக்கையைப் பார்த்த பிறகே விடுவிக்க வேண்டும். அந்தத் தவணை சிறியதாகவே இருக்கட்டும், பரவாயில்லை. சென்டர்காரர் நம் பையனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, “எப்படிப்பா இருக்க?” என்று விசாரிக்க அது போதும்.

கேட்பதற்குத் தலைவர் இருந்தால்தானே கேட்க முடியும் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்து, ஊரகத் தேர்தல் நடக்க 2019 டிசம்பர் ஆனது. அதுவும் 27 மாவட்டங்களில்தான் நடந்தது. மற்ற மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2025 ஜனவரியில், முதலில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் மறுபடியும் பதவிக் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் பட்டுவாடா செய்யும் நிர்வாகத்தின் ஆள். அதே நிர்வாகத்தை அவர் எப்படிக் கேள்வி கேட்பார்? தேர்தலைத் தள்ளிப்போடும்போது தெருவிளக்கும் குடிநீரும் மட்டும் தடைபடுவதில்லை, கேட்கும் வாயும் அடைபடுகிறது. ஆனால் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதற்குப் பதவிக் காலம் கிடையாது. பட்டியல் கேட்கும் தீர்மானத்தை ஒரு குழுப் பெண்ணே எழுந்து முன்மொழியலாம்.

அந்தத் தீர்மானத்தின் மாதிரி ஒன்றை நண்பர்கள் அச்சடித்து வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம்தான். ஊர்ப் பெயரும் தேதியும் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. பட்டியல் வந்த ஊர்கள், வராத ஊர்கள் இரண்டும் எங்களுக்குத் தெரிவியுங்கள். வராத ஊர்களுக்கு மேல்முறையீட்டு மனு எழுத, நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. நான்காம் கட்டத் திட்டத்தைப் பற்றி நான் சொன்னதில் உடன்படாத ஆசிரியர் ஒருவர் ஏற்கெனவே கை தூக்கியிருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்குவோம்.